நாயோடு ஏலகிரி: பண்டிகை சீசனில் செய்யக் கூடாதவை

கிறிஸ்துமஸ் லீவு தொடங்கிப் பொங்கல் முடியும் வரை, வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துக் குடும்பங்கள் ஒரே நாளில் போய்வர முதலில் யோசிப்பது ஏலகிரியைத்தான். வேலூரிலிருந்து ஏறத்தாழ 90 கி.மீ. வீட்டு நாயையும் கூட்டிப்போகலாம். மலை அதை ஒன்றும் செய்யாது, பண்டிகைதான் படுத்தும்.

முதலில் தேதி. போகியன்று விடியுமுன்பே டயர் புகையும் மேளச் சத்தமும் வழிநெடுக இருக்கும். மாட்டுப் பொங்கலை ஒட்டி எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் அதன் பிறகும் பல வாரங்கள் ஊர் ஊராக நடக்கும். எல்லைக் கோட்டைத் தாண்டிய காளை அங்கேயே நின்றுவிடாது, அதே வேகத்தில் ஊருக்கு வெளியேயும் ஓடும். அந்த நேரத்தில் நாயைச் சாலையோரம் இறக்கினால் காளையும் மிரளும், நாயும் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு ஓடும். போகிக்கு முந்தைய ஒரு வேலை நாள்தான் நல்லது. குறுக்கு வழி தேடாமல் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று நெடுஞ்சாலையிலேயே போய், பொன்னேரி வழியாக மலை ஏறுங்கள்.

அடுத்தது வயிறு. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். "பாவம், பசிக்குமே" என்று கிளம்பும்போது ஒரு கிண்ணம் தயிர்சாதம் வைத்தால் அது பாதி வளைவிலேயே சீட்டுக்கு வந்துவிடும். காரணம், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு. குட்டிகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். கிளம்புவதற்கு 3, 4 மணி நேரம் முன்பே வழக்கமான அளவில் பாதி கொடுத்து நிறுத்துங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரலாம். வாயோரம் எச்சில் வழிவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது: இவைதான் முன்னறிகுறி. பார்த்ததும், அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். அடிவாரத்தில் ஒரு முறை இறக்கி நடத்திவிட்டு ஏறினால் இன்னும் நல்லது. நாம் போடும் வாந்தி மாத்திரையை நாமே உடைத்துக் கொடுக்கக் கூடாது. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் மருந்தைக்கூட, சில நாள் முன்பே வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள்.

காரில் கழுத்துப் பட்டையைக் கட்டிப் போடாதீர்கள். பிரேக் போட்டால் கழுத்து இறுகும். மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸைப் பின்சீட் பெல்ட்டோடு இணைக்க வேண்டும். ஜன்னலை இரண்டு விரல் திறந்தால் போதும், தலையை வெளியே நீட்ட விடாதீர்கள்.

உயிருக்கே ஆபத்து வருவது சாப்பாட்டில்தான். சர்க்கரைப் பொங்கலிலும் கிறிஸ்துமஸ் பிளம் கேக்கிலும் உலர் திராட்சை இருக்கிறது. நாய்க்கு அது சிறுநீரக நஞ்சு. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அளவே கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாத அளவு இன்னொன்றைக் கொன்றுவிடும். தின்றதாகத் தெரிந்தால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அவர் வாந்தி எடுக்க வைத்தால் பலன் அதிகம். வாந்தி எடுக்கட்டும் என்று நாமே உப்புத் தண்ணீர் புகட்டுவது மிகத் தவறு, ரத்தத்தில் உப்பு ஏறிவிடும். நாய் நன்றாகத்தான் இருக்கிறதே என்று விட்டுவிடவும் வேண்டாம்: சிறுநீர் குறைவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.

ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தாமல் யாரும் போவதில்லை. ஆனால் அந்த இலையில் மிஞ்சும் வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். கரும்புச் சக்கையை விழுங்கினால் குடல் அடைக்கும். உப்பு போடாமல் வேகவைத்த கோழிக்கறியும் சோறும் டப்பாவில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 1 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். 2 லிட்டர் வைத்திருங்கள்.

"குளிர்காலம்தானே" என்று நாயைப் பூட்டிய காரில் விட்டுவிட்டு ஹோட்டலுக்குள் போவதும் நடக்கிறது. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் அரை மணியில் 15 டிகிரிக்கு மேல் ஏறும். கோயிலானாலும் படகுத் துறையானாலும், ஒருவர் வெளியே நாயோடு நிற்பது என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலைப் பனியில் சிப்பிப்பாறை போன்ற ஒல்லி உடம்பு நாய்களுக்கு ஒரு போர்வை தேவைப்படும்.

மேலே குரங்குகளும் தெருநாய்களும் உண்டு. பெல்ட்டைக் கையில் சுற்றிக் குட்டையாகப் பிடியுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி தேதி தாண்டியிருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

திரும்பியதும் காதின் உள்மடிப்பு, கால்விரல் இடுக்கு, வாலடி மூன்றையும் விரலால் தடவி உண்ணி பாருங்கள். இருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், நசுக்காமல், தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். அடுத்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோ சோர்வோ வந்து சாப்பாட்டை ஒதுக்கினால், மலைக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையை அவர் முதலிலேயே எடுத்துவிடுவார்.