ஏர் கார்கோவில் ஆசிட் அனுப்ப எந்த டிரம் எடுப்பது?

ராணிப்பேட்டை சிப்காட்டில், தோல் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். டிரம் வாங்கப் போகிறவர்கள் பலர் தட்டிப் பார்த்து, கனமாக இருந்தால் எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வாங்காதீர்கள். டிரம்மில் அச்சான வரியைப் படியுங்கள்.

அதற்கு முன் எஸ்.டி.எஸ். தாளில் (கெமிக்கலோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாள்) 14-ஆம் பிரிவைப் பாருங்கள். 85 சதவீத ஃபார்மிக் ஆசிட் என்றால் யு.என். 3412 (ஆபத்தான சரக்குக்கு ஐ.நா. தரும் எண்), பேக்கிங் குரூப் 2 (ஆபத்தின் அளவு; 1 அதிகம், 3 குறைவு). அடர்த்தி 9-ஆம் பிரிவில் இருக்கும், சுமார் 1.2. இது சரக்கு விமானத்தில் ஒரு பேக்கேஜுக்கு 30 லிட்டர் வரைதான் போகலாம், பயணிகள் விமானத்தில் 1 லிட்டர்தான். ஆக 200 லிட்டர் பேரல் பேச்சே வேண்டாம். சாதாரண இரும்பை அரிக்கும், அதனால் பிளாஸ்டிக்.

இப்போது அச்சு வரி. வட்டத்துக்குள் யு, என், பக்கத்தில் 1ஹெச்1/ஒய்1.4/100 என்பதுபோல் இருக்கும். 1ஹெச்1 என்றால் மேல்பாகம் கழலாத பிளாஸ்டிக் டிரம், கேனுக்கு 3ஹெச்1. ஒய் என்றால் குரூப் 2, 3 இரண்டுக்கும் ஆகும். இசட் குரூப் 3-க்கு மட்டும். 1.4 அடர்த்தி வரம்பு. 100 என்பது தாங்கிய அழுத்தம், கிலோபாஸ்கலில். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே இருப்பது மூடியைத் தள்ளும். அதனால்தான் இந்தச் சரக்குக்குக் குறைந்தது 95 கேட்கிறார்கள்.

ஒரு தடவை நான்கு டிரம் வாங்கினோம். புதுசு, நல்ல கனம். வரியில் ஒய்150/எஸ் என்று இருந்தது. "அதுவும் யு.என். டிரம்தான் சார்" என்றார் வியாபாரி. நானும் சரி என்றேன். எஸ் என்றால் திடப்பொருளுக்கோ, உள்ளே பாட்டில் அடுக்கவோ சோதித்தது. திரவத்தை நேராக ஊற்றக் கூடாது. சென்னை வரை போன வண்டி சரக்கோடு திரும்பி வந்தது. அன்றிலிருந்து அச்சு வரியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் ஆர்டர்.

பிளாஸ்டிக்கில் தயாரித்த மாதமும் வருஷமும் பாருங்கள். 5 வருஷம் தாண்டியிருந்தால் வேண்டாம்.

அப்புறம் மூடி. ஃபார்மிக் ஆசிட் மெல்ல வாயு விடும் என்பதால் காற்றுப்போக்கி வைத்த மூடியோடு கேன் விற்பார்கள். லாரிக்கு அது சரி, விமானத்துக்கு ஆகாது. மூடியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் எழுதித் தருவார், கேட்டு வாங்குங்கள். விளிம்புவரை ஊற்றாதீர்கள், 55 டிகிரியிலும் உள்ளே இடம் மிச்சம் இருக்க வேண்டும். மூடிய கேனை ஒரு ராத்திரி பழைய அட்டைமேல் சாய்த்து வைப்பேன். காலையில் அட்டையில் ஈரம் தெரிந்தால் அந்தக் கேன் வண்டி ஏறாது.