பழைய வரைபடக் கால்குலேட்டரின் பழுதான விசைகளைச் சரிசெய்தல்

பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரெயூனியோன் தீவில் லிசே எனப்படும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, கணிதக் கோடுகளைத் திரையில் வரைந்து காட்டும் வரைபடக் கால்குலேட்டர் அன்றாடத் தேவை என்பதால், அண்ணனோ அக்காவோ பயன்படுத்திய டி.ஐ. 83 பிளஸ் போன்ற பழைய கருவி வீட்டில் இருந்தால் அதைச் சரிசெய்து தம்பி தங்கையிடம் கொடுப்பது நல்லது. ஆனால் தேர்வு முறை வசதி (தேர்வின்போது நினைவகத்தில் உள்ளவற்றைப் பார்க்கவிடாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாத பழைய வரைபடக் கருவிகளை இப்போது பள்ளி இறுதித் தேர்வான பக்காலோரியாவுக்குக் கொண்டுசெல்ல முடியாது. அவை வீட்டுப் பயிற்சிக்கே உதவும். மழையும் கடற்காற்றும் மிகுந்த சேன்த் ஆந்த்ரே, சேன் பெனுவா பக்கங்களில் விசைகள் கெடுவதற்கு ஈரமும் உப்பும் முக்கியக் காரணங்கள்.

திருகாணியைத் தொடுவதற்கு முன்பு, எந்தெந்த விசைகள் வேலை செய்யவில்லை என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்; என் அனுபவத்தில் பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது. விசைகள் நெடுக்கும் குறுக்குமான மின்தடங்களில் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரே வரிசையிலுள்ள விசைகள் அனைத்தும் செத்திருந்தால் அந்த வரிசைக்குரிய தடம் அறுந்திருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில விசைகள் மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்தால்தான் இயங்குகின்றன என்றால், பெரும்பாலும் அழுக்கோ தேய்மானமோதான் காரணம்.

டி.ஐ. 83 பிளஸைத் திறக்கும்போது மின்கலங்களை எல்லாம் எடுத்துவிட வேண்டியிருப்பதால் தற்காலிக நினைவகத்தில் உள்ளவை அழிந்துபோகும். தேவையான நிரல்களை முன்கூட்டியே மின்கலம் இல்லாதபோதும் அழியாத ஆர்க்கைவ் என்னும் நினைவகப் பகுதிக்கு மாற்றிவிடவும். நான்கு சிறு மின்கலங்களோடு தனி மூடிக்குள் இருக்கும் பொத்தான் மின்கலத்தையும் எடுத்த பின், பின்புறத் திருகாணிகளை டி6 அளவு நட்சத்திர முனைத் திருப்புளியால் கழற்ற வேண்டும். ஓடு எளிதில் பிரியாவிட்டால், விட்டுப்போன திருகாணி ஏதும் உண்டா என்று முதலில் தேடவும். கத்தியால் நெம்பினால் ஓரம் உடையும். திரைக்குச் செல்லும் மெல்லிய நாடாவை மடிக்கவோ இழுக்கவோ கூடாது. அது கெட்டால் திரையில் கோடுகள் விழும். அதைச் சரிசெய்வது விசையைச் சரிசெய்வதைவிடப் பன்மடங்கு கடினம். எச்பி 48 வகைக் கருவிகளில் விசைப்பலகையைப் பிளாஸ்டிக்கை உருக்கியே பிணைத்திருப்பதால், அவற்றைத் தொடக்கநிலையாளர்கள் திறக்காதிருப்பதே மேல்.

மின்சுற்றுப் பலகையை விடுவித்தால் அதன் கீழே விசைகளைத் தாங்கும் ரப்பர் விரிப்பு தெரியும். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சிறு கரிப்பொட்டு இருக்கும். அதற்கு எதிரே பலகையில் இரண்டு தடங்கள் சீப்புப் பற்களைக் கோத்தாற்போல் அமைந்திருக்கும். விசையை அழுத்தும்போது பொட்டு அவ்விரண்டையும் இணைக்கிறது. நல்ல பொட்டு ஒரே சீராக மங்கிய கறுப்பில் இருக்கும். விரலெண்ணெய் படிந்த பொட்டு பளபளக்கும்; தேய்ந்த பொட்டின் நடுவே சாம்பல் நிறம் தெரியும்.

பலகையின் தொடுபரப்பை ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைக்கவும். மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சள் நிறமூட்டிய ஆல்கஹால் எச்சத்தை விட்டுச்செல்லும். அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பல கருவிகளில் செம்புத் தடத்தின் மேல் கரிப்பூச்சு இருப்பதால், உப்புத்தாளால் தேய்ப்பது பழுதை நிரந்தரமாக்கிவிடும். ரப்பர் விரிப்பை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, நிழலில் முழுமையாக உலரவிடவும். மழைக்காலத்தில் இதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அவசரப்பட வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் விசை இயங்காவிட்டால், மல்ட்டிமீட்டரின் இரு முனைகளையும் பொட்டின் மேல் வைத்து மின்தடையை அளக்கவும். சில நூறு ஓமுக்குள் இருந்தால் பொட்டு நன்றாக உள்ளது. பல ஆயிரம் காட்டினால் தேய்ந்துவிட்டது. மென்மையான பென்சிலின் கரியைத் தேய்த்தால் சில வாரங்கள் ஓடும். டிவி ரிமோட் விசைகளைச் சரிசெய்ய விற்கும் மின்கடத்துப் பூச்சை மெல்லிய ஒரே படலமாகப் பூசி, ஒரு நாள் உலரவிடுவதே நீடித்து நிற்கும்.

மின்கலம் கசிந்து தடம் அரிக்கப்பட்டிருந்தால், வெள்ளை அல்லது பச்சைப் படிவை வினிகர் தொட்ட குச்சியால் நீக்கி, பிறகு ஆல்கஹாலால் துடைக்கவும். அறுந்த தடத்தின் இரு முனைகளையும் மெல்லிய கம்பியால் பற்றவைத்து இணைக்கலாம்.

மீண்டும் பூட்டும்போது, பலகையின் திருகாணிகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்கவும். ஓரிடத்தில் மட்டும் அதிகம் இறுகினால் அருகிலுள்ள விசை அழுந்தியபடியே நின்றுவிடும். அவ்வாறு நேர்ந்தால் அந்தத் திருகாணியைக் கால் சுற்று தளர்த்தினால் போதும்.