முதல் முறை ஜப்பான் போகிறவர்களுக்கு: விசாவிலிருந்து வெந்நீர்க் குளம் வரை

ஜப்பானில் நீங்கள் தப்பு செய்தால் யாரும் திட்ட மாட்டார்கள், முறைத்துப் பார்ப்பதுகூட அபூர்வம். வசதியாகத் தோன்றினாலும் புதிதாகப் போகிறவருக்கு இதுதான் சிக்கல். சொல்ல ஆள் இல்லாததால் பத்து நாளும் அதே தப்பைச் செய்துவிட்டு, தெரியாமலேயே திரும்பி வருவோம். அதனால் கிளம்பும் முன்பே சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. கீழே உள்ளது டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற வழக்கமான சுற்றுக்கு, இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை வரும் 'கோல்டன் வீக்' என்ற தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோருக்காகக் கொண்டாடும் ஓபோன், புத்தாண்டு வாரம். இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர் தீபாவளி நேரத்துப் பஸ் நிலையம் மாதிரி ஊரே ஊர் மாறும். ரயிலில் இடம் கிடைக்காது, அறை வாடகையும் எகிறிவிடும்.

படி 2: விசாவும் பெயரும்

ஒருமுறை நுழைவு விசா வழங்கிய நாளிலிருந்து 3 மாதம்தான் செல்லும். அதனால் அரை வருடம் முன்பே வாங்கி வைப்பதில் அர்த்தமில்லை. பயணத்துக்கு ஆறேழு வாரம் முன்பு விண்ணப்பிப்பது சரியாக இருக்கும். நாள்வாரியான பயணத் திட்டம் கேட்பார்கள். 'டோக்கியோ சுற்றிப் பார்த்தல்' என்று பத்து நாளுக்கும் ஒரே வரியை எழுதாதீர்கள். எந்த நாளில் எந்த ஊர், எந்த விடுதி என்று எழுதுங்கள்.

2024 ஏப்ரலிலிருந்து இந்தியர்களுக்கு ஒருமுறை நுழைவுச் சுற்றுலா விசா மின்விசாவாகவே வருகிறது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணையத்தில் திறந்து, திரையிலேயே காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்செடுத்த தாள் எதுவும் செல்லாது. அதனால் சென்னையில் செக்-இன் வரிசையில் நிற்கும்போதும் போனில் டேட்டா இருக்க வேண்டும், அங்கே இறங்கும்போதும் இருக்க வேண்டும். ஜப்பானுக்கான இசிம்மை (அட்டை இல்லாத மின்னணு சிம்) ஊரிலேயே போனில் ஏற்றிவிடுங்கள்.

தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கும். இணையப் படிவங்கள் காலியாக விட விடாது. விமான டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நிறுவனத்திடம் எப்படி நிரப்புவது என்று கேட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை அப்படியே போடுங்கள். டிக்கெட்டில் அப்பா பெயர், விடுதியில் இனிஷியல், விசாவில் இரண்டும் இல்லை என்றால் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கிளம்புவதற்கு முன் 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களை நிரப்பினால் ஒரு க்யூஆர் கோடு கிடைக்கும். விமானத்தில் பேனா தேடும் வேலை மிச்சம்.

படி 3: பெட்டியில் என்ன வேண்டும், என்ன கூடாது

இறைச்சி எந்த வடிவிலும் வேண்டாம். மட்டன் ஊறுகாய், சிக்கன் தொக்கு, இறைச்சித் துண்டு போட்ட நூடுல்ஸ் எல்லாமே தடை. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய் போன்றவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் மாதிரியானவற்றைக் கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட்டாக வையுங்கள். சந்தேகமான எதையும் சுங்கப் படிவத்தில் 'ஆம்' என்று காட்டிவிடுங்கள். காட்டினால் பொருளோடு போகும், மறைத்தால் அபராதத்தில் முடியும்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு மாத அளவு வரை தனி அனுமதி இல்லாமல் போகலாம். அதற்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதிச் சான்று வாங்க வேண்டும். ஜலதோஷ மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட். பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். போன், லேப்டாப் சார்ஜரில் 'இன்புட் 100–240' என்று இருக்கும், அடாப்டர் மட்டும் போதும். ஆனால் ஊரிலிருந்து மின்கெட்டிலைத் தூக்கிப் போகாதீர்கள். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் கெட்டில் அங்கே 190 வாட் அளவுதான் தரும். பாதி வோல்ட்டேஜ் என்றால் பாதிச் சூடு அல்ல, கால் பங்குச் சூடு. கெட்டில் கெடாது, தண்ணீர் கொதிக்கத்தான் வெகுநேரம் ஆகும். அநேக விடுதி அறைகளில் கெட்டில் உண்டு.

படி 4: பணம்

கார்டு பரவலாகச் செல்லும். ஆனால் சிறிய ராமென் (நூடுல்ஸ் சூப்) கடை, கோயில் நுழைவு, பழைய டிக்கெட் இயந்திரம் எல்லாம் ரொக்கம்தான் கேட்கும். செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டு வேலை செய்யும். வங்கி ஆப்பில் 'வெளிநாட்டுப் பயன்பாடு' பொத்தானை ஊரிலேயே ஆன் செய்துவிடுங்கள், இந்தியக் கார்டுகளில் அது ஆஃப் ஆகவே வரும். கடையில் ரூபாயா யென்னா என்று திரை கேட்டால் யென். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடுங்குவார்கள்.

கல்லாவில் ஒரு சிறு தட்டு இருக்கும். பணத்தைக் கையில் நீட்டாமல் அதில் வையுங்கள். டிப்ஸ் வேண்டாம். மேஜையில் விட்டுவந்தால், நீங்கள் மறந்துவிட்டதாக நினைத்துத் தெருமுனை வரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள்.

படி 5: ரயிலும் பஸ்ஸும்

இறங்கியதும் சுயிக்கா போன்ற தொட்டுப்போகும் கார்டு ஒன்றை வாங்குங்கள். டோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களிலும் கிடைக்கும் 'வெல்கம் சுயிக்கா'வுக்கு முன்பணம் இல்லை. 28 நாள் செல்லும், மிச்சத் தொகை திரும்ப வராது. எனவே 2,000 யென்னில் ஆரம்பித்துத் தேவைப்படும்போது ஏற்றுங்கள். இந்தக் கார்டைத் தொட்டு டோக்கியோவில் ஏறி கியோட்டோவில் இறங்க முடியாது. ஒரு பகுதிக்குள்ளேயே பயணம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் வெளியேறும் கதவு திறக்காது.

ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலுக்குத் தனி டிக்கெட். பெரும்பாலும் இரண்டு சீட்டுகள் கொடுப்பார்கள்: ஒன்று அடிப்படைக் கட்டணம், இன்னொன்று விரைவுக் கட்டணம். இரண்டையும் ஒன்றாக அடுக்கி கேட்டில் செருகினால், மறுமுனையில் வெளியே வரும். எடுக்க மறக்காதீர்கள். ஒன்றை மட்டும் செருகிவிட்டு 'கதவு மூடிக்கொண்டது' என்று திகைத்து நிற்பவர்களை எந்த ஸ்டேஷனிலும் பார்க்கலாம்.

ஜேஆர் நிறுவன ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போக உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. டோக்கியோ–கியோட்டோ போய்வர சுமார் 28,000 யென்தான். முன்பு கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். இந்தச் சுற்றுக்கு இப்போது அது நட்டம்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. 160 செ.மீ. தாண்டினால் டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென்னில் அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம்.

கியோட்டோ நகரப் பஸ்ஸில் பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது காசு போட வேண்டும். நகருக்குள் 230 யென். உண்டியலில் போடும் நோட்டுக்குச் சில்லறை தானாக வராது. பக்கத்திலுள்ள மாற்றும் இயந்திரத்தில் 1,000 யென்னை முன்பே சில்லறையாக்கி, சரியான தொகையை எண்ணிப் போடுங்கள்.

ரயிலில் போனில் பேசுவதில்லை. அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு இறங்கிய பிறகு கூப்பிடுங்கள். பேச்சே கூடாது என்றில்லை, நம் சத்தத்தில் கால்வாசி போதும். எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பது பழக்கம். குழம்பினால் முன்னால் நிற்பவரின் பின்னாலேயே நில்லுங்கள்.

படி 6: சைவச் சாப்பாடு

இதுதான் மிகக் கஷ்டமான பகுதி. 'இறைச்சி இல்லை' என்று சொல்லித் தரும் சூப்பிலும் மீன் இருக்கும். காரணம் தாஷி என்ற அடிக்குழம்பு. சூரை வகை மீனைப் புகைபோட்டுக் காயவைத்துச் சீவியெடுக்கும் கட்சுவோபுஷியில்தான் பெரும்பாலும் அதைச் செய்வார்கள். நம் மாசிக்கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். மிசோ சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், காய்கறிக் கூட்டு எல்லாவற்றிலும் இது நுழைந்திருக்கும். சமைப்பவர் இதை மீனாக எண்ணுவதே இல்லை, நாம் பெருங்காயத்தை ஒரு பதார்த்தமாக எண்ணாத மாதிரி.

அதனால் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை நம்பாதீர்கள். 'நிக்கு மோ சக்கனா மோ தபெமசென்' என்று சொல்லுங்கள், இறைச்சியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். கூடவே 'மீன் தாஷியும் வேண்டாம்' என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைப் போனில் வைத்திருங்கள். நிம்மதியாகச் சாப்பிட, கியோட்டோவிலும் கோயாசான் மலை மடங்களிலும் பரிமாறும் ஷோஜின் ரியோரி என்ற பௌத்த மடச் சமையல் இருக்கிறது. அங்கே தாஷி கடற்பாசியிலும் காளானிலும் செய்யப்படும். டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் நம் ஊர்ச் சாமான் கிடைக்கும்.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிற்க வைப்பார்கள். ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றுவதும் கூடாது. தகனத்துக்குப் பின் எலும்பை எடுக்கும் முறை அது. நூடுல்ஸை உறிஞ்சிச் சாப்பிடலாம், ஏப்பம் வேண்டாம்.

படி 7: செருப்பும் வெந்நீர்க் குளமும்

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் அங்கே கழற்றும் விதம் வேறு. தரை இரண்டு மட்டமாக இருக்கும். செருப்பிலிருந்து நேராக மேல் மட்டத்தில் காலை வைக்க வேண்டும். சாக்ஸோடு கீழ் மட்டத்தை மிதித்துவிட்டு மேலே ஏறினால் கழற்றியதில் பயனில்லை. உள்ளே கொடுக்கும் ஸ்லிப்பரையும் தத்தாமி பாயில் ஏறும் முன் கழற்றிவிடுங்கள். கழிவறைக்குள் தனி ஸ்லிப்பர் இருக்கும், அதோடு வெளியே வந்துவிடுவது வெளிநாட்டவர் அதிகம் செய்யும் தப்பு.

ஓன்சென் என்ற வெந்நீர்க் குளத்தில் உடை, நீச்சல் உடை எதுவும் கிடையாது. ஆண், பெண் தனித்தனி. முதலில் சிறு ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, நுரை போகக் கழுவிவிட்டுத்தான் குளத்தில் இறங்க வேண்டும். குளம் ஊறுவதற்கு, அழுக்குத் தேய்ப்பதற்கு அல்ல. நீண்ட முடியைக் கொண்டை போடுங்கள். சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலருக்குக் கூச்சமாக இருக்கும், அப்படியானால் 'காஷிகிரி' என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் போலத் தனியாக வாடகைக்குத் தருவார்கள். பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் விடமாட்டார்கள், அவர்களுக்கும் இதுவே வழி.

விடுதியில் ஒரே இரவு தங்குபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: பல இடங்களில் குளத்தின் ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் மறுநாள் காலை இடம் மாறும். நேற்று போன கதவு என்று பழக்கத்தில் நுழையாமல், ஆண்களுக்கா பெண்களுக்கா என்று வாசல் திரைச்சீலையைப் பாருங்கள்.

படி 8: தெருவில்

குப்பைத்தொட்டி கண்ணில் படாது. ஒரு பிளாஸ்டிக் பையைத் தோள்பையில் வைத்து, குப்பையை அறைக்கே கொண்டுபோங்கள். பான இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் பெட்டி பாட்டில், டப்பாவுக்கு மட்டும்.

நம் தலையாட்டல் அங்கே 'இல்லை' என்று புரிந்துகொள்ளப்படலாம். மேலும் கீழுமாக ஆட்டுங்கள், கூடவே 'ஹை' என்று சொல்லுங்கள். கூப்பிட, வழி கேட்க, இடித்துவிட்டால் மன்னிப்புக் கேட்க எல்லாவற்றுக்கும் 'சுமிமாசென்' போதும்.

பாஸ்போர்ட்டை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும், அது அங்கே சட்டம். விடுதி லாக்கரில் பூட்டிவிட்டு நகலோடு சுற்றுவது போதாது. பொருள் தொலைந்தால் தெருமுனையில் இருக்கும் 'கோபான்' என்ற சிறு காவல் சாவடிக்குப் போங்கள், கிடைத்துவிடும் வாய்ப்பு அதிகம். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119.

போன் திடீரென்று அலறினால் அது நிலநடுக்க எச்சரிக்கையாக இருக்கலாம். தெருவுக்கு ஓடாமல், மேஜைக்கு அடியில் தலையை மறைத்துக்கொண்டு ஆட்டம் நிற்கும்வரை இருங்கள். கடலோரத்தில் இருந்தால் மட்டும், ஆட்டம் நின்ற உடனே மேட்டுப் பக்கம் ஏறுங்கள்.