பென்சில் இல்லாத வகுப்பறையில் செய்யக் கூடாதவை

"பென்சில் கொண்டுவராதவர்கள் எழுந்து நில்லுங்கள்." வேலையில் சேர்ந்த புதிதில் தினமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவேன். நாலைந்து பேர் நிற்பார்கள். தினமும் அதே நாலைந்து பேர். அவர்களில் ஒரு சிறுமி ஒரு செவ்வாய்க்கிழமை முதல் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சனிக்கிழமை கூலி வந்ததும் பென்சில் வாங்கித் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். அதுவரை பள்ளிக்கு வரமாட்டேன் என்று அவள் அடம்பிடித்திருக்கிறாள். ஐந்து ரூபாய்ப் பென்சிலுக்காக நான்கு நாள் படிப்பு போயிற்று. அதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல, நான் நிற்க வைத்ததும்தான்.

பொருள் இல்லாத குழந்தையை எல்லோர் முன்னாலும் அடையாளம் காட்டுவதுதான் தவறுகளிலேயே பெரியது என்பேன். இப்போது மேசையில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. துண்டுப் பென்சில்கள் எல்லாம் அதில் சேரும். விரலால் பிடிக்க முடியாத அளவு தேய்ந்துவிட்டால், மை தீர்ந்த பேனாவின் கூட்டில் அதன் அடியைச் செருகிவிடுவோம். இன்னும் பத்து நாள் எழுதும். வேண்டியவர்கள் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளலாம். மாலையில் எண்ணி வைப்பது ஒரு மாணவரின் பொறுப்பு.

எண்ணிக்கை குறைந்தால் பைகளைச் சோதிக்காதீர்கள். குழந்தைகள் மறந்துபோய் எடுத்துச் செல்வதுதான் அதிகம். ஒருமுறை திருட்டுப் பட்டம் விழுந்தால், அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அதைச் சுமக்க நேரிடும்.

அடுத்த தவறு, நல்ல மனம் படைத்த ஆசிரியர்கள் செய்வது. சார்ட், பசை, கத்தரிக்கோல் என எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் வாங்கிப் போட்டுவிட்டுச் சொல்லாமல் இருப்பார்கள். அவசரத்துக்கு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, நானும் வாங்குகிறேன். ஆனால் எழுத்தில் எதுவும் இல்லையென்றால், பதிவேட்டின்படி உங்கள் பள்ளியில் ஒரு குறையும் இல்லை. அரசின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி, 30 மாணவர்கள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாயும், 31 முதல் 100 வரை என்றால் 25,000 ரூபாயும் பள்ளி மானியம் உண்டு. கற்பித்தல் துணைப்பொருள்களுக்கும் அதில் இடமுண்டு. ஆனால் மின்கட்டணம், பழுது, தூய்மைப்பணி எல்லாம் அதே தொகையில்தான் நடக்க வேண்டும். முந்திக் கேட்காவிட்டால் வகுப்பறைக்கு மிச்சம் இருக்காது. எந்த வகுப்புக்கு எது, எத்தனை என்று எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதை வாசிக்கச் சொல்லித் தீர்மானமாக எழுத வையுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை. உண்மை தெரிந்தால் அவர்களே கேட்பார்கள்.

வந்த பொருளைப் பூட்டி வைப்பது இன்னொன்று. உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் பீரோவுக்குள் பளபளவென்று இருக்கும் உருப்பெருக்கியால் எந்தக் குழந்தையும் எறும்பின் காலைப் பார்த்ததில்லை. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் தேதியோடு குறித்துத் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மாற்றுப் பொருள்களிலும் கவனம் வேண்டும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டினால் இடமதிப்பை அருமையாகக் கற்பிக்கலாம். கட்டை அவிழ்த்து ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டு, "இப்போது எத்தனை?" என்று கேட்கும்போது கடன் வாங்கிக் கழித்தல் கையிலேயே புரிந்துவிடுகிறது. ஆனால் நுனி கூராக இருந்தால் நறுக்கிவிட வேண்டும். புளியங்கொட்டை என்றால் ஒன்றாம் வகுப்பில் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது. அளவுகோலுக்கு மட்டும் கையால் வரைந்த காகிதப் பட்டையைக் கொடுக்காதீர்கள். ஒரு கோட்டை ஆளுக்கு ஓர் அளவு சொல்வார்கள், தப்பு தங்கள்மேல்தான் என்றும் நினைத்துக்கொள்வார்கள். நல்ல அளவுகோல் இரண்டு இருந்தால் போதும். குழுவாக உட்கார்ந்து மாற்றி மாற்றி அளக்கட்டும்.