பழைய கணினிக்கு இணையம்: சீரியல் போர்ட்டில் ஒரு வைஃபை மோடம்

குளச்சலில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து விண்டோஸ் 95 கணினியை இறக்கியபோது, அதன் ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தவர்களுக்கு இது பழகிய காட்சி. இந்தப் போர்ட்டில், தொலைபேசிக் கம்பிக்குப் பதில் வைஃபையில் பேசும் ஒரு சிறு மோடத்தைச் செருகி இணையத்துக்குப் போவதுதான் திட்டம். ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஊசிகளைத் துடைப்பதுதான் முதல் வேலை.

அடுத்து, போர்ட்டுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து ஊசிகள் உள்ள வரிசையை மேலே வைத்து நேராகப் பார்த்தால் இடமிருந்து வலமாக 1 முதல் 5. எழுத்தை வாங்கும் இரண்டையும் அனுப்பும் மூன்றையும் ஒரு ஜம்பர் வயரால் இணையுங்கள். சீரியல் போர்ட் வழியாக எழுத்துகளை அனுப்பி வாங்கும் விண்டோஸ் நிரலான ஹைப்பர் டெர்மினலில், காம்1 என்ற முதல் சீரியல் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, வேகம் 1200, எட்டு பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் இல்லை என்று வையுங்கள். தட்டிய எழுத்து திரையில் தெரிய வேண்டும். வயரை உருவியதும் தெரியக்கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் இரண்டு நாள் மோடத்தையே சந்தேகித்தேன். கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் அமைப்பில் காம்1 அணைந்து கிடந்ததுதான் காரணம். தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இப்போது பொருள்கள். ஈஎஸ்பி8266 என்ற வைஃபை சிப் உள்ள டி1 மினி பலகை ஒன்று, ஒன்பது துளை சாக்கெட் கொண்ட, மின்னழுத்தத்தை மாற்றித் தரும் மேக்ஸ்3232 மாட்யூல் ஒன்று, நேர் சீரியல் கேபிள் ஒன்று. இரண்டு கணினிகளை இணைக்கும் நல் மோடம் கேபிள் இங்கே உதவாது.

மேக்ஸ்3232 இல்லாமல் நேரடியாக இணைக்கவே கூடாது. சீரியல் போர்ட்டில் மின்னழுத்தம் கழித்தலிலும் கூட்டலிலும் 12 வோல்ட் வரை ஊசலாடும். ஈஎஸ்பி8266 தாங்குவது 3.3 வோல்ட். சிப் நொடியில் போய்விடும். கடையில் மேக்ஸ்232 கொடுத்தால் வாங்காதீர்கள், அது 5 வோல்ட்டுக்கானது.

வயர் இணைப்பதற்கு முன்பே யூஎஸ்பி வழியாக பலகையை மோடமாக நடக்கவைக்கும் ஸிமோடம் என்ற இலவச மென்பொருளை அதில் ஏற்றிவிடுங்கள். பிறகு பலகைக்கும் மாட்யூலுக்கும் இடையே 3.3 வோல்ட், கிரவுண்ட், டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது) என்று நான்கு வயர்கள். பதில் வராவிட்டால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு கடைசி இரண்டையும் மாற்றிப் போடுங்கள். மாட்யூல்களில் இந்தப் பெயர்கள் ஒரே மாதிரி அச்சிடப்படுவதில்லை. பலகைக்கு மின்சாரம் செல்போன் சார்ஜரிலிருந்து போதும். தொலைபேசிக் கம்பி கிடையாது என்பதால், ஐப்பசி இடிமழையில் அந்த வழியாக மோடம் கருகும் பயமும் இல்லை.

கட்டளைகளைக் கணினியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இடைவெளியோ புள்ளியோ இல்லாமல் தட்டுங்கள் (தள முகவரியில் வரும் புள்ளி மட்டும் விதிவிலக்கு). முதலில் 'ஏடி', பிறகு என்டர். 'ஓகே' என்று பதில் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த கட்டளை மொழி இது. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது மோடங்கள் பேசியதும் இதே மொழிதான். அதனால் பழைய கணினிக்கு எந்த வேறுபாடும் தெரியாது.

'ஏடி' உடன் கூட்டல் குறியும் 'கான்ஃபிக்' என்ற சொல்லும் சேர்த்தால் பட்டியல் விரியும். அதில் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள். இந்தச் சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். செல்போன் ஹாட்ஸ்பாட்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். வேகத்தை 9600-க்கு மேல் அவசரப்பட்டு உயர்த்த வேண்டாம். 16550ஏ சிப் உள்ள போர்ட்டில், வரும் எழுத்துகளைச் சற்று நிறுத்திவைக்கும் 16 பைட் இடைத்தேக்கம் உண்டு. அதற்கு முந்தைய 8250-இல் அது இல்லாததால் வேகம் கூடினால் எழுத்துகள் சிதறும்.

இனி அழைக்கலாம். 'ஏடிடிடி', அதையடுத்து மேற்கோள் குறிகளுக்குள் டெலிஹேக் டாட் காம், முக்காற்புள்ளி, 23. 1980களின் கணினி வலைப்பின்னலைப் போல அமைத்த தளம் அது. முதல் வரி எழுத்தெழுத்தாக நகர்ந்து வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

இன்றைய இணையத்தளங்களின் மறையாக்கத்தைப் பழைய உலாவிகளால் கையாள முடியாது. டெலிஹேக் போல வெறும் எழுத்துகளாலேயே இயங்கும் டெல்நெட் தளங்களோடு தொடங்குவதே நல்லது. இணைப்பை முடிக்க ஒரு நொடி கையை எடுத்துவிட்டு, மூன்று கூட்டல் குறிகளை விரைவாகத் தட்டி, மீண்டும் ஒரு நொடி பொறுத்து, 'ஏடிஎச்' கொடுங்கள்.