கார் ஷெட் ஷட்டர் மாற்றும்போது நாம் பார்க்காமல் விடும் ஓரங்கள்

செங்கோட்டையில் ஆனி பிறந்துவிட்டால் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆரியங்காவு கணவாயில் நுழைந்து வருகிற காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுக்கும், தென்காசியைச் சுற்றியுள்ள காற்றாலைகளைச் சுழற்றும், போகிற போக்கில் எங்கள் வீட்டு கார் ஷெட் ஷட்டரையும் ஒரு கை பார்க்கும். ஒருநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஷட்டர் நடுவில் உப்பிப்போய், இடதுபக்கப் பட்டைகள் நாலைந்து, ஓரத்தில் அவை ஏறி இறங்கும் இரும்புத் தடமான சேனலை விட்டு வெளியே வந்து நின்றன. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வழி. கீழே இரண்டு பூட்டும் பூட்டியபடியே தொங்கின.

புது ஷட்டருக்காகத் தென்காசியிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரிலும் விலை கேட்டு அலைந்தபோதுதான் ஒன்று புரிந்தது. வாங்குகிற நாம் எல்லோரும் தகடு எவ்வளவு கனம் என்று கேட்கிறோம். நெம்பித் திருட வருகிறவனுக்குத் தகட்டைப் பற்றி என்ன கவலை? அவன் கை வைப்பது சேனலில், போல்ட்டில், தரைக்கும் அடிப்பட்டைக்கும் நடுவே இருக்கிற இடுக்கில்.

தகட்டைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கும் விதத்தில்தான் ஏமாறுகிறோம். கேஜ் என்பது தலைகீழ் கணக்கு. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 22 கேஜ் என்று பெருமையாகச் சொன்னால் அது 18-ஐ விட மெலிசு. விலைப்பட்டியலில் மில்லிமீட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பு, 3.5 மீட்டர் அகலம் வரை குறைந்தது 0.9 மி.மீ., அதற்கு மேல் போனால் 1.2 மி.மீ. தகடு இருக்க வேண்டும் என்கிறது. வீட்டு ஷெட்டுக்கு அது போதும். அப்புறம் ஜி.ஐ. தகட்டில் துத்தநாகப் பூச்சு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 120 கிராம் பூசியதும் கிடைக்கும், 275 கிராம் பூசியதும் கிடைக்கும். மாதக்கணக்கில் சாரல் அடிக்கும் நம் பக்கத்தில் இந்த வித்தியாசம் சில வருடங்களில் அடிப்பட்டையில் தெரிந்துவிடும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான், நெம்புகோல் முதலில் நுழைவதும் அங்கேதான்.

இனி சேனல். எங்கள் பழைய ஷட்டரில் சேனலின் ஆழம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. அகல ஷட்டர் காற்றில் உப்பும்போது பட்டையின் இரு முனையும் உள்ளே இழுபடும். ஆழம் இல்லையென்றால் நழுவி வெளியே வந்துவிடும். காற்று செய்வதைக் கடப்பாரையும் செய்யும். அதே விவரக்குறிப்பு 3.5 மீட்டர் வரை 65 மி.மீ. ஆழமும், அதற்கு மேல் 75 மி.மீ. ஆழமும் கேட்கிறது. கூடவே பட்டைகளின் முனையில், அவை பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கிளிப் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுவிட்டு ஒரு பட்டைக்காவது இருக்க வேண்டும். இதைப் பற்றி நாமாகக் கேட்டாலொழிய எந்தப் பட்டறைக்காரரும் வாய் திறப்பதில்லை.

சேனல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. இங்கே பழைய வீடுகள் பல காரைச் சுவர். மலைக்கு அந்தப் பக்கம் போனால் வெட்டுக்கல். இரண்டிலும் ஆங்கர் போல்ட்டை அடித்தால் முதல் நாள் கெட்டியாகத்தான் நிற்கும். ஷட்டர் தினம் ஏறி இறங்கும் அதிர்வில் துளை பெரிதாகி, ஒருநாள் கையாலேயே உருவி எடுக்கலாம். இருபக்கமும் கான்கிரீட் தூண் எழுப்பி, அதில் இரும்புத் தகடு புதைத்து, சேனலை அதோடு வெல்டிங் வைப்பதுதான் சரி. இரண்டு நாள் கொத்தனார் கூலி, அவ்வளவுதான். வாசல் அகலம் குறையக்கூடாது என்று சேனலைச் சுவரின் வெளிமுகத்தில் பொருத்தி, போல்ட் தலை தெருவைப் பார்த்து நிற்கும் வீடுகளை எங்கள் தெருவிலேயே காட்டுவேன். பத்து நிமிடமும் ஒரு ஸ்பேனரும் போதும். சுவரின் உள்முகத்தில் பொருத்தினால் அகலமும் குறையாது, போல்ட்டும் வெளியே தெரியாது.

பூட்டு விஷயத்தில் பொதுவான தவறு, இரண்டு ஓரத்திலும் பூட்டிவிட்டு நடுவை விட்டுவிடுவது. பத்தடி அகலமுள்ள ஷட்டரின் நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அடிப்பட்டை வில்லாக வளையும். நடுவிலும் ஒரு பூட்டு வேண்டும். வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வழி இருந்தால் இன்னும் நல்லது: தாழ்ப்பாளை உள்பக்கம் வைத்து, வெளியே பூட்டே இல்லாமல் விட்டுவிடலாம். கார்த்திகை, மார்கழியில் குடும்பத்தோடு சபரிமலைக்குக் கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தெருவைப் பார்த்துத் தொங்கும் பெரிய பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று எழுதி ஒட்டிய மாதிரி.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்க, ஷட்டர் சுருளும் பழைய பைப்பையும், எடையைத் தாங்கும் ஸ்பிரிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டு பட்டையை மட்டும் மாற்றச் சொன்னேன். புதுத் தகடு கனம் கூடியது. பழைய ஸ்பிரிங் மெலிந்த தகட்டின் எடைக்கு முறுக்கியது. தோளளவு தூக்கினால் நிற்காமல் சரசரவென்று இறங்கியது. நல்லவேளை, அடியில் கார் பானட்தான் இருந்தது, குழந்தை இல்லை. ஸ்பிரிங்கைத் தகட்டின் எடைக்குத் தகுந்தபடிதான் போட வேண்டும். கையால் தூக்கும் ஷட்டர் 8 சதுர மீட்டர் வரை போகும், அதாவது பத்துக்கு எட்டடி வாசல் தாராளமாக அடங்கும். பால் பேரிங் போட்டால் 12 வரை. அதற்கு மேல் கியரோ மோட்டாரோ வேண்டும். பழசைக் கழற்றும்போது முறுக்கிய ஸ்பிரிங்கில் நீங்கள் கை வைக்காதீர்கள், மணிக்கட்டை முறித்துவிடும்.

மோட்டார் என்றதும் எல்லோரும் ரிமோட்டில் மயங்கிவிடுகிறார்கள். மலிவான ரிமோட் ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்பும். சாவி நகல் எடுப்பது போல அதையும் நகலெடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும் ரோலிங் கோட் ரிமோட்தான் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். அதைக் காருக்குள்ளேயே போட்டுவிட்டுத் தெருவில் நிறுத்தினால் அதுவும் வீண். கரண்ட் போனால் திறக்கும் சங்கிலி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஷெட்டுக்கு வேறு வழியில்லாத வீட்டில் சங்கிலி உள்ளே இருந்தால், மழை இரவில் நாமே வெளியே நிற்க வேண்டியதுதான். இறங்கும்போது ஏதாவது தட்டினால் திரும்பி மேலேறும் வசதி அமெரிக்காவில் 1991 முதல் வீட்டு கராஜ் மோட்டார்களுக்குக் கட்டாயம். இங்கே கேட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஊர் விலையில் நான் கடைசியில் தென்காசியையே எடுத்தேன். விலை காரணமில்லை. புனலூர்க்காரரிடம் கிளிப், சேனல், சர்வீஸ் என்று எதைக் கேட்டாலும் "எல்லாம் சரியாகும்" என்றார். ஒரு கிளிப் கழன்றால் மலையேறி வந்து மாட்டித் தருவாரா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வேலை முடிந்ததும் பட்டறை அண்ணாச்சி ஷெட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தார். ஷெட்டிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவைத் தள்ளினார். பி.வி.சி. கதவு, குளியலறைக்குப் போடுகிற ரகம், சின்னத் தாழ்ப்பாள். "இதுக்கா அண்ணாச்சி இவ்வளவு செலவு பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரைப் பையில் போட்டார். அந்த வாரமே அதற்கு மரக்கதவு போட்டோம்.