தனியாக ஒரு நெடுநடை: பெங்களூரில் இருந்தபடியே செய்ய வேண்டிய ஆயத்தங்கள்

மனித நடமாட்டம் குறைந்த மலைப்பகுதியில், தோளில் ஒரு பையுடன், ஒரு வாரம் தன்னந்தனியாக நடந்துவர வேண்டும் என்ற ஆசை பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர் பலருக்கு உண்டு. சாவனதுர்காவுக்கும் நந்தி மலைக்கும் குழுவாகப் போய்ப் பழகியவர்களுக்கு அடுத்து எழுவது பெரும்பாலும் இந்த ஆசைதான். குழுவில் வழி தெரிந்தவர் ஒருவர் இருப்பார், மருந்து வைத்திருப்பவர் ஒருவர் இருப்பார், "போதும், திரும்பிவிடலாம்" என்று சொல்பவரும் ஒருவர் இருப்பார். தனியாகப் போகும்போது அந்த மூவரின் பொறுப்பும் நம் ஒருவர் தலையில் விழுகிறது. களைப்பும் குளிரும் உயரமும் சேர்ந்து புத்தியை மந்தமாக்கும் இடத்தில் நின்றுகொண்டு நல்ல முடிவுகளை எடுப்பது கடினம் என்பதால், எடுக்கக்கூடிய முடிவுகளையெல்லாம் இங்கேயே, வீட்டு மேசையில் உட்கார்ந்து, தாளில் எழுதி முடித்துவிட வேண்டும். நான்கு மாதம் முன்னதாகத் தொடங்கினால் அவசரமின்றிச் செய்யலாம்.

படி 1: இடத்தை முடிவு செய்தல்

அருகில் இருப்பது மேற்குத் தொடர்ச்சி மலை என்பதால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஆனால் பல நாள் தனிநடைக்கு அது ஏற்ற இடமன்று. சரணாலயங்களுக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கர்நாடக வனத்துறையின் பாதைகளுக்கு இணையவழியில் முன்பதிவு செய்ய வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிட வேண்டிய பாதைகள். தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் நடந்த குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு விதிகள் இறுகின. 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் பாதைகளிலும் வழிகாட்டியுடன்தான் நடக்க முடியும். சட்டம் ஒருபுறம் இருக்க, யானைகள் நடமாடும் காட்டில் தனியாளாக இரவு தங்குவதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் தனிநடைக்கு என் பரிந்துரை லடாக்கின் மார்கா பள்ளத்தாக்கு. அது 1981இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. பனிச்சிறுத்தை வாழும் பகுதி. சில்லிங் பக்கம் தொடங்கி, ஸ்கியு, மார்கா, ஹங்கர், நிமாலிங் வழியாக, 5,200 மீட்டரைத் தாண்டும் கொங்மாரு லா கணவாயைக் கடந்து ஷாங் சும்தோவில் இறங்கலாம். நிமாலிங் மேய்ச்சல் நிலம் வரை ஏறக்குறைய ஒரு நாள் நடைத் தொலைவில் ஏதாவது ஒரு கிராமம் வந்துவிடும். வீடுகளில் தங்க இடமும் உணவும் கிடைக்கும். வெட்டவெளியும் தனிமையும் வேண்டிய மட்டும் உண்டு. அதே சமயம் கால் பிசகினால் மறுநாளுக்குள் ஒரு மனித முகத்தைப் பார்க்கவும் முடியும். முதல் முறை போகிறவர் இதைவிட ஒதுக்குப்புறமான பாதையைத் தேட வேண்டியதில்லை. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை காலம் ஏற்றது. அனுமதி, கட்டணம் ஆகியவற்றின் விதிகள் அவ்வப்போது மாறுவதால் லே நகரில் இறங்கியதும் ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

படி 2: நாள்வாரித் திட்டம்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் நடந்து 900 மீட்டர் ஏற வேண்டிய நாளுக்கு இந்தக் கணக்குப்படி ஏறத்தாழ 4 மணி நேரம் வரும். ஆனால் அது நல்ல உடற்கட்டு உள்ளவர் தாழ்வான மலையில் நடக்கும் வேகம்; 4,000 மீட்டர் உயரத்தில், முதுகில் 12 கிலோவுடன், அதை இரண்டால் பெருக்கிக்கொள்வதே நம்மைப் போன்றவர்களுக்குச் சரியாக இருக்கும். அப்படிப் பெருக்கி 8 மணி நேரத்தைத் தாண்டும் நாளை இரண்டு நாளாக உடைத்துவிடுங்கள்.

அடுத்தது உயரம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் நமக்குப் பழக்கம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்த உயரம் இந்தக் கணக்கில் சேராது. தேவனஹள்ளியில் விமானம் ஏறி, டெல்லியில் மாறி, லேயில் இறங்கும்போது ஒரே நாளில் 3,500 மீட்டருக்குப் போய்விடுகிறோம். அங்கே முதல் இரண்டு நாளும் ஓய்வு மட்டுமே. 3,000 மீட்டருக்கு மேல், நேற்றுத் தூங்கிய இடத்தைவிட இன்று தூங்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். விடுமுறை கூடுதலாக உள்ளவர்கள் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் போனால் உடல் படிப்படியாகப் பழகும். உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை சிலருக்கு உதவும் என்றாலும், குறிப்பாக சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. திட்டத்தின் கடைசியில் இரண்டு உபரி நாள்களைச் சேர்த்து, விமானச் சீட்டை அதற்குப் பிறகு எடுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறதே என்று கணவாயில் அவசரப்படும் நிலை அப்போது வராது.

இனி ஒரு சிறிய அட்டையை எடுத்து, சட்டைப்பையில் வைக்கும் அளவுக்கு வெட்டி, பேனாவால் இப்படி எழுதுங்கள்:

"தலைவலியோடு குமட்டலோ சோறு செல்லாமையோ இருந்தால் இன்று ஏறமாட்டேன். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்க முடியாவிட்டால், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இரவானாலும் இறங்குவேன். பகல் 12 மணிக்குள் கணவாயை எட்டாவிட்டால் திரும்புவேன். ஓடை முழங்காலுக்கு மேல் ஓடினால் மறுநாள் காலை வரை காத்திருப்பேன்."

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. அங்குள்ள ஓடைகளில் வருவது பனி உருகிய நீர். வெயில் ஏற ஏற நீர் பெருகி, பிற்பகலில் உச்சத்தை அடையும், விடியற்காலையில் வடிந்திருக்கும். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிட்டுக் கடக்க வேண்டும். விழுந்தால் பையை உடனே உதறிவிட முடிய வேண்டும்.

படி 3: உடலைப் பழக்குதல்

அல்சூர் ஏரியைச் சுற்றி நடப்பது தொடக்கத்துக்கு நல்லது. ஆனால் அது சமதளம். மலையில் முழங்காலைப் பதம் பார்ப்பது இறக்கமே. அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டு இதற்குப் போதும். பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் ஐந்தைப் போட்டால் 10 கிலோ ஆகிவிடும்; முதல் மாதம் மேலே ஏறியதும் மொட்டை மாடிச் செடிகளுக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையுடன் இறங்குங்கள், பிறகு இறக்கத்திலும் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கடைசி மாதத்தில் முழு எடையுடன் தொடர்ந்து இரண்டு நாள் நடந்து பார்ப்பது அவசியம், ஏனென்றால் முதல் நாள் மறைந்திருக்கும் வலி இரண்டாம் நாள் காலைதான் வெளியே வரும். கணுக்காலுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டாம். நம் நகரத்து நடைபாதைகள் அதைப் பார்த்துக்கொள்கின்றன.

ஷூவை இரண்டு மாதம் முன்பே, மாலையில் போய், நடைக்கு அணியும் அதே கம்பளி சாக்ஸுடன் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். மலையிலும் அப்படித்தான் வீங்கும்.

படி 4: பையும் அதன் எடையும்

தண்ணீர், உணவு எல்லாம் சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக்கூடாது. 65 கிலோ உள்ளவருக்கு 13 கிலோ. ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிப் பாருங்கள். "இருக்கட்டுமே" என்று சேர்த்த பொருள்கள் அந்தப் பட்டியலில் தாமாகவே தெரிந்துவிடும்.

வீடுகளில் தங்குவதாக இருந்தாலும் ஒருவருக்கான சிறிய டென்ட் கூடவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு ஊர்களுக்கு நடுவில் இருட்டிவிட்டால், இருந்த இடத்தில் இரவைக் கழிக்க அதுவே வழி. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் இரண்டு வெப்பநிலைகள் அச்சிட்டிருப்பதைக் கவனியுங்கள்: ஒன்று வசதியாகத் தூங்கக்கூடியது, மற்றது தாங்கக்கூடிய எல்லை. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் எல்லையைத்தான். நாம் பார்க்க வேண்டியது வசதியை. நிமாலிங்கில் இரவு உறைநிலைக்குக் கீழே போகும் என்பதால் மைனஸ் 5 டிகிரியாவது வசதி நிலையாக இருக்கட்டும். அடியில் விரிக்கும் பாய் மெல்லியதாக இருந்தால் எந்தப் பையும் குளிரைத் தடுக்காது. பருத்தி பனியனும் ஜீன்ஸும் நனைந்தால் காயமாட்டா. அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

டென்டை மொட்டை மாடியில், இருட்டிய பிறகு, தலைவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் கட்டிப் பழகுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டி, உள்ளே எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

படி 5: உணவும் தண்ணீரும்

4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் குக்கர் இல்லாமல் அங்கே சரியாக வேகமாட்டா. அதிக நேரம் வேக வைக்கத் தேவையில்லாதவற்றையே எடுத்துச்செல்ல வேண்டும், அதற்கு நம் வீட்டுப் பொருள்களே போதும். ஒரு நாளுக்கான பொட்டலம் இப்படி: அவல் 150 கிராம், சத்துமாவு 100, வறுத்த நிலக்கடலை 100, கடலைமிட்டாய் 100, சேமியா 100, பேரீச்சம்பழம் 50, பால்பவுடர் 50, நெய் 30. மொத்தம் 680 கிராமில் ஏறத்தாழ 3,000 கலோரி கிடைக்கும். புளிக்காய்ச்சல் ஒரு சிறிய டப்பாவில் போனால் வெந்நீரில் ஊறிய அவலுக்கு உயிர் வரும். வீடுகளில் சாப்பிடுவதாக இருந்தால் இதில் இரண்டு நாள் பொட்டலம் கையிருப்பாகப் போதும். அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில் கைப்பையிலும் ஏற்றமுடியாது, பெட்டியிலும் ஏற்றமுடியாது, லேயில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதே நம்பகமான வழி. அந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். ஃபில்டர் எடுத்துச்சென்றால் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். உள்ளே ஈரம் உறைந்தால் துளைகள் கிழிந்து, வெளியே தெரியாமலேயே ஃபில்டர் கெட்டுவிடும்.

படி 6: போன், மின்சாரம், பணம்

வேறு மாநிலத்து ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஒரு மாதம் முன்பே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். அப்படியும் பள்ளத்தாக்குக்குள் பெரும்பகுதியில் சிக்னல் கிடைக்காது. அதற்கு மாற்றாக வெளிநாட்டு வலைப்பக்கங்கள் பரிந்துரைக்கும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவிகளை உரிமம் இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். விமான நிலையங்களில் இதற்காகப் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் ஆகிய செயலிகளில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் இருக்கும் இடம் தெரியும். பவர் பேங்க்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக வேண்டும். குளிரில் அது சீக்கிரம் தீரும்; இரவில் அதையும் உங்களுடனேயே உறங்க வையுங்கள். கிராமங்களில் ரொக்கம்தான் செல்லும்.

படி 7: வீட்டில் விட்டுச்செல்லும் தாள்

தொடர்புக் கருவி இல்லாத பயணத்தில் நம்மைத் தேட வைக்கும் ஒரே ஏற்பாடு இதுதான். மனைவியோ அண்ணனோ நண்பரோ, பதறாமல் போன் பேசக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். தமிழில் ஒன்றும், லே காவல்துறைக்குப் படித்துக்காட்ட இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒன்றும் இருக்கட்டும். எந்த நாள் எந்த ஊரில் இரவு தங்குகிறீர்கள், பையும் மேல்சட்டையும் டென்டும் என்ன நிறம், இரத்த வகை, மருந்துகள், காப்பீட்டு எண் ஆகியவை அதில் வேண்டும். காப்பீடு எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அதில் அடங்குமா என்பதை வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தாளின் அடியில் தெளிவான ஒரு வரி வேண்டும்: "ஆகஸ்ட் 24 மாலை 6 மணிக்குள் என்னிடமிருந்து அழைப்பு வர வேண்டும், 25 காலை 8 மணி வரை வராவிட்டால் லே காவல்துறையை அழைக்கவும்." பெங்களூரில் 112ஐ அழைத்தால் அது கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்கே போகும் என்பதால், லே காவல் நிலையத்தின் நேரடி எண்ணைத் தேடி அதிலேயே எழுதிவிடுங்கள். உபரி நாள்களையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே அந்தத் தேதியைக் குறிக்க வேண்டும்.

வழியில் திட்டத்தை மாற்றினால், எதிரே இறங்கி வருபவரிடம் வீட்டு எண்ணையும் ஒரு வரிச் செய்தியையும் எழுதிக் கொடுத்தனுப்பலாம். லே சேர்ந்ததும் அவர்கள் அழைத்துச் சொல்லிவிடுவார்கள். நடை முடிந்து சிக்னல் கிடைத்தவுடன், வெந்நீர்க் குளியலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்பாகவே, வீட்டுக்கு அழைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் லே விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும்போது மலையில் உங்களைத் தேட ஆள் கிளம்பியிருப்பார்கள்.